சைகோன் காசைத் தேய்க்காதீங்க!

பழைய காசு வாங்கி விற்கிறவளுக்கு முதல் எதிரி திருடன் இல்லை, புளி. இரண்டாவது எதிரி வீட்டுக்காரர். கடை வைத்துக்கொண்டு நாள் முழுக்க மனுஷரோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். புரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள், ஒரு இளநீர் குடித்துவிட்டு நிதானமாக மேலே படிக்கலாம்.

மரக்காணத்தில், உப்பளங்களை ஒட்டிய கிழக்குக் கடற்கரைச் சாலையில் எங்கள் கடை. கடை என்றால் எங்கள் வீட்டுக்காரர் ஏழுமலையின் இளநீர், சோடா, பிஸ்கட் கடை. அதில் ஒரு மூலை மட்டும் என்னுடையது. அங்கே ஒரு மேஜை, மேஜைமேல் பழைய ஒரு சென்ட் காசுகள். எங்க அப்பா, வியட்நாம் சைகோனிலிருந்து திரும்பிவந்த ஒரு பாண்டிச்சேரிக் குடும்பத்துக்குச் சமையல் செய்தவர். அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது ஒரு பிஸ்கட் டின் நிறையப் பழைய காசை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நடுவில் ஓட்டை போட்ட சைகோன் காசு, ஒரு பக்கம் ராஜா தலையும் மறுபக்கம் மரமும் போட்ட சிலோன் காசு, நாலு மூலை வைத்த மலேயா காசு. எல்லாமே அந்தந்த ஊரில் ஒரு சென்ட்.

சுனாமி வந்துபோன மறு வருஷம் இந்த ரோட்டில் வெளியூர் வண்டிகள் நிறைய ஓட ஆரம்பித்தன. இளநீருக்கு நிற்கிறவர்கள் பார்க்கட்டுமே என்று டின்னைத் திறந்து பரப்பினேன். அக்கம்பக்கத்து வீடுகளில் கிடந்ததையும் வாங்கிச் சேர்த்தேன். நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டில் என்னிடம் எல்லாரும் கேட்பது "சோறு ஆச்சா?" ஒன்றுதான். அந்த மேஜையில் உட்கார்ந்தால் மட்டும்தான் "இது என்னங்க? எந்த ஊருதுங்க?" என்று யாராவது கேட்பார்கள்.

சங்கடம் என்னவென்றால், கேட்டார்களே தவிர ஒருத்தரும் வாங்கவில்லை. தை பிறந்ததும் வீட்டுக்காரர் தீர்ப்புச் சொன்னார். ஐஸ்கிரீம் கம்பெனியில் கண்ணாடி மூடி வைத்த பெட்டி தருகிறார்களாம், அதை வைக்க இடம் வேண்டுமாம். "சித்திரை ஒண்ணாந்தேதி பெட்டி வருது. அதுக்குள்ள ஒரே ஒரு காசையாவது ஒருத்தர் துட்டு குடுத்து வாங்கினு போகட்டும், மேஜை இருக்கட்டும். இல்லேன்னா மேஜை மாட்டுக் கொட்டாய்க்குப் போவுது. மாடாவது அதைப் பாக்கும்."

அல்போன்ஸ் சாரின் கண்ணாடி

என் ஒரே நம்பிக்கை அல்போன்ஸ் சார். பாண்டிச்சேரிக்காரர், அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சைகோனில் இருந்தவர். மாசம் ஒரு தடவை மொபெட்டில் வருவார். அவர் சேர்ப்பது சைகோன் ஒரு சென்ட் மட்டும்தான். அந்தக் காசு அடித்த வருஷங்கள் எல்லாமே வரிசையாக அவரிடம் இருக்கின்றன, ஒரே ஒரு வருஷத்தைத் தவிர. அந்த வருஷத்தை எனக்குச் சாமி பாட்டு மாதிரி மனப்பாடம் செய்து வைத்திருந்தார். கிடைத்தால் நல்ல விலை தருவேன் என்று சத்தியம் செய்திருந்தார்.

காசை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொடுத்து, பழைய பூதக்கண்ணாடி ஒன்றை எனக்குக் கொடுத்ததும் அவர்தான். விளிம்பைப் பிடித்துத்தான் தூக்க வேண்டும். தேய்க்கக் கூடாது, கழுவக் கூடாது, முந்தானையால் துடைக்கக் கூடாது. அந்தக் கறுப்புதான் அதன் வயசு, வயசைச் சுரண்டினால் விலை போய்விடும் என்பார். தை மாசம் வந்தவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு என் ஓட்டைக் காசுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேஜை போய்விடுமோ என்ற நினைப்பில் மூச்சு விடவே மறந்துபோனேன். கடைசிக் காசையும் பார்த்துவிட்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய்ச் சொன்னார்: "அம்மா, முதல்ல மூச்சு விடுங்க. காசு ஒண்ணும் பறந்துடாது."

புளியும் உப்பும்

எக்கியார்குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அக்கா ஒருத்தி, கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானை முடிச்சிலிருந்து ஒரு சிலோன் காசை எடுத்தாள். பழைய தேக்குக் கதவு மாதிரி நல்ல கறுப்பு. ஒரு கீறல் இல்லை. மரத்தின் ஓலை ஒவ்வொன்றையும் எண்ணலாம். நூறு ரூபாய் தருகிறேன் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். கையில் அவ்வளவு இல்லை. கல்லாப்பெட்டிச் சாவி வீட்டுக்காரர் அரைஞாணில் தொங்குகிறது. நாளைக்கு வாங்கக்கா என்று அனுப்பி வைத்தேன். ராத்திரி முழுக்க, அவள் அதைத் தொலைத்துவிடுவாளோ, வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாளோ, மீனோடு சேர்த்து எடை போட்டுவிடுவாளோ என்று எனக்குத் தூக்கமே இல்லை.

நான் கவலைப்படாத ஒன்றைத்தான் அவள் செய்திருந்தாள். மறுநாள் ரோட்டுத் திருப்பத்தில் வரும்போதே அவள் கையில் ஏதோ வெயிலுக்கு மின்னியது. பித்தளைக் குடம் விளக்குவது போலப் புளியும் உப்பும் வைத்து விளக்கியிருக்கிறாள். இந்த ஊரில் உப்புக்கா பஞ்சம்? அள்ளி அள்ளிப் போட்டுத் தேய்த்திருக்கிறாள். மரத்தில் ஒரு ஓலை மிச்சமில்லை, நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அவளோ பெருமையாகச் சொன்னாள்: "அழுக்கா இருந்ததுக்கே நேத்து நூறு சொன்னியேம்மா, இன்னிக்கு எப்படி ஜொலிக்குது பாரு. மேல போட்டுக் குடு!"

ஏற்றக் கூலி

வெறுங்கையோடு அனுப்ப மனசு வராமல், ஏதோ கொடுத்து அந்தக் காசை வாங்கி வைத்தேன். அதனால் வந்தது இன்னொரு வினை. ஓலை போய்விட்டதால் அது பனையா தென்னையா என்று யாருக்கும் தெரியவில்லை. பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பேர், சோடா குடிக்க வந்தவர்கள், அதை வைத்துக்கொண்டு சண்டை பிடிக்க ஆரம்பித்தார்கள். "சிலோன்ல தென்னைதாம்பா ஜாஸ்தி." "யோவ், யாழ்ப்பாணத்துல பனை இல்லியா?" என்று குரல் ஏறிக்கொண்டே போனது. இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவது சோடாவும் உடைத்தாகிவிட்டது. வீட்டுக்காரர் முகத்தில் முதல்முறையாக என் மேஜையைப் பார்த்து ஒரு சிரிப்பு வந்தது.

அந்த நேரம் பார்த்து, எங்களுக்கு இளநீர் பறித்துப் போடுகிற மரமேறி வந்து சேர்ந்தார். இவரே சொல்லட்டும் என்று இருவரும் காசை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அப்படியும் இப்படியும் திருப்பினார், வெயிலில் பிடித்தார், உச்சியிலிருந்து அடிவரை பார்த்தார். ஊரே தீர்ப்புக்குக் காத்திருந்தது. காசை மேஜைமேல் வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மரம் எதுவா வேணா இருக்கட்டும்மா, ஏறுற கூலி ஒண்ணுதான். பறிக்கவா வேணாவா?"

நாலு மூலை

மாசி மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கால் மணி நேரம் நான் ஜெயித்திருந்தேன். சென்னைக் கார் ஒன்று நின்றது. கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கி, மலேயா காசு நாலு மூலையாக இருப்பதைப் பார்த்து அசந்துபோய், பேரம்கூடப் பேசாமல் ஒன்றை வாங்கிக்கொண்டு போனார். பணத்தை வீட்டுக்காரர் மூக்குக்கு நேரே ஆட்டிக் காட்டினேன். அவர் இளநீரைச் சீவிக்கொண்டே இருந்தார்.

நான் உட்கார்ந்து, சித்திரையில் மேஜைக்கு ஒரு புது விரிப்பு வாங்கலாமா என்று நினைப்பதற்குள் அதே கார் திரும்பி வந்து நின்றது. உள்ளே அவர் மனைவி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் இறங்கி வந்து, காசை மேஜைமேல் மெதுவாக வைத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "மேடம், தப்பா நினைக்காதீங்க. இதை வச்சுக்கிட்டு ரெண்டு இளநீர் குடுத்துடுங்க. அதுவாவது உருண்டையா இருக்குதுன்னு வீட்ல சொல்றாங்க."

தாடிக்காரர்

ஆரோவில் பக்கத்து வெள்ளைக்காரர் ஒருவர் சைக்கிளில் போகும்போதெல்லாம் இளநீருக்கு நிற்பார். எங்களைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். ஒரு நாள் என் மேஜையைப் பார்த்தவர், தாடி வைத்த ஆள் தலை போட்ட அமெரிக்கா சென்ட் ஒன்று தனியாகப் பஞ்சுமேல் இருப்பதைக் கண்டார். அதை யாரோ எனக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். அமெரிக்கா காசாயிற்றே என்று அதற்குத்தான் நான் பஞ்சு வைத்து முதல் இடம் கொடுத்திருந்தேன். விலை பத்து ரூபாய் என்றேன். அவர் சிரிக்கவில்லை, நல்ல மனுஷர். அடுத்த வாரம் வரும்போது ஒரு துணிப் பையைக் கவிழ்த்தார். மேஜை முழுக்கத் தாடிக்காரர்கள். "ஊர்ல இருந்து அக்கா வந்தாங்க. அவங்க கார் சீட்டுக்கு அடியில கெடந்ததாம், உங்களுக்குன்னு கொண்டு வந்தாங்க" என்றார்.

எனக்கு அழுகை வருவது போல் இருந்தது. பஞ்சை எடுத்துவிட்டேன். எல்லாத் தாடிக்காரர்களையும் ஒரு டம்ளரில் போட்டு மேஜைக்குக் கீழே வைத்தேன். வீட்டுக்காரர் ஆறுதல் சொன்னார்: "உடு, அஞ்சலை. அவங்க ஊர்ல சீட்டுக்குக் கீழ கெடக்குது, நம்ம ஊர்ல மேஜைக்குக் கீழ கெடக்குது. எல்லா ஊர்லயும் அதுக்கு அதான் எடம்."

அரைஞாண்

இடையஞ்சாவடியிலிருந்து வந்த ஒரு பெண் இடுப்பில் இருந்த குழந்தையை இறக்கிவிட்டாள். குழந்தைக்கு உடம்பில் ஒரே ஒரு கறுப்பு அரைஞாண் கயிறு, அதில் ஒரு சைகோன் காசு. ஓட்டை இருப்பதால் கோர்ப்பதற்கு வாகு, பயந்த கோளாறுக்கும் நல்லது என்று எங்கள் பக்கத்தில் கட்டுவார்கள். வருஷத்தை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கண்ணாடியை எடுத்துக்கொண்டு குனிந்தேன். என் கண் பெரிதாகத் தெரிந்திருக்க வேண்டும், குழந்தை வீறிட்டுக்கொண்டு ஓடியது. இளநீர்க் குவியலைச் சுற்றி இரண்டு சுற்று, பெஞ்சுக்கு அடியில் ஒரு சுற்று. இந்த வயசில் எனக்கு முட்டி வலி வேறு.

கடைசியில் பிஸ்கட் ஒன்றைக் காட்டி நிற்க வைத்து, மண்டியிட்டு, கண்ணாடியைக் காசுக்குக் கிட்டே கொண்டுபோனேன். முதல் எண் தெரிந்தது, இரண்டாவது தெரிந்தது. மூன்றாவதைப் படிப்பதற்குள் குழந்தை என் முகத்திலேயே ஒன்றுக்குப் போய்விட்டது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மிச்சத்தையும் படித்தேன். அந்த வருஷம் இல்லை. தாய் பதறிப்போய் ஓடிவந்து கேட்டாள்: "ஐயோ, வருஷம் தெரிஞ்சுதாக்கா? இல்ல, இன்னும் கொஞ்சம் தண்ணி குடுத்து நிக்க வைக்கட்டா?"

மூணு சீசன் வாஷர்

பங்குனி பிறந்துவிட்டது. உப்பளங்களில் ஆயில் இன்ஜின் ரிப்பேர் பார்க்கிற முனியப்பன் சோடாவுக்கு வந்தார். மேஜையிலிருந்து ஒரு சைகோன் காசை எடுத்து, பல வருஷம் பழகிய ஆள் போல ஓட்டையில் சுண்டு விரல் நுனியை விட்டுச் சுற்றினார். "ஏம்மா, இது இன்னும் இருக்குதா? நல்ல வாஷர் ஆச்சே இது. உப்புத் தண்ணியில இரும்பு வாஷர் இத்துப் போயிடுது. இதைப் போட்டா அசையறதே இல்ல. ஏழுமலை அண்ணன் அன்னிக்குக் கை நிறையக் குடுத்தாரே" என்றார். நான் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வானத்தில் மழை வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெதுவாக உண்மை வந்தது. நான் மேஜை போடுவதற்கு ரொம்ப முன்பே, சோடா மெஷினைச் சரிசெய்து கொடுத்த கூலிக்காக என் அப்பாவின் டின்னிலிருந்து ஒரு பிடி அள்ளிக் கொடுத்திருக்கிறார். "ஓட்டை இருந்தா நட்டுக்குன்னுதானே யாரும் நெனைப்பாங்க" என்பது அவர் கட்சி. எனக்குத் தலை சுற்றியது. மேஜையில் இல்லாத அந்த வருஷம், தொலைந்துபோன அந்தப் பிடிக்குள்தான் இருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. என் பொருளில் நல்லது எது தொலைகிறதோ அதில்தான் எப்போதும் இருக்கும். எந்தெந்த பம்பில் போட்டீர்கள் என்று கேட்டால் முனியப்பனுக்கு ஞாபகமில்லை. பாராட்டு மட்டும் தாராளமாகக் கொடுத்தார்: "எங்க போட்டேனோ தெரிலம்மா, ஆனா மூணு சீசனா ஒண்ணுகூட ஒழுகல. அடிச்சவன் நல்லாத்தான் அடிச்சிருக்கான்!"

கண் டெஸ்ட்

மறுநாள் விடிந்ததும் பூதக்கண்ணாடியோடு உப்பளத்துக்குள் இறங்கினேன். வரப்பு வழுக்கியது. பாம்பு இருக்குமோ என்று ஒரு பயம், உப்பு வெளிச்சத்தில் கண் போய்விடுமோ என்று இன்னொரு பயம். ஒவ்வொரு பம்பு கொட்டகையாக நுழைந்து இன்ஜின் முன்னால் மண்டியிட்டேன். சில பம்புகளில் இரும்பு வாஷர். சிலவற்றில் காசு இருந்தது, ஆனால் வருஷம் உள்பக்கம் பார்த்திருந்தது. சிலவற்றில் வெளியே தெரிந்தது, வேறு வருஷம். பாத்தியில் உப்பு வாருகிறவர்கள் பலகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். யாரோ ஆபீஸிலிருந்து வந்திருக்கிறார்கள் என்று ஒருவர் எழுந்து துண்டை வேறு இடுப்பில் கட்டிக்கொண்டார்.

கடைசியாகக் கன்னியப்பன் குத்தகைக்கு எடுத்த அளம். இன்ஜின் டகடகவென்று ஓடிக்கொண்டிருந்தது. பம்பு மூடியில் ஒரு நட்டுக்குக் கீழே பச்சை பூத்துப்போய் ஒரு காசு. இன்ஜின் ஆடியது, காசு ஆடியது, என் கையும் ஆடியது. ஒவ்வொரு எண்ணாகப் பிடித்துப் பிடித்துப் படித்தேன். அதே வருஷம்! நான் போட்ட சத்தம் இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சரியாக இருக்கிறதா என்று பம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தேன். உப்புக் கூடையோடு வாசலில் நின்ற ஒருத்தி பின்னால் வந்தவளிடம் விளக்கம் சொன்னாள்: "ஒண்ணுமில்லடி, இன்ஜினுக்குக் கண்ணு டெஸ்ட் பண்றாங்க."

ஊரார் மழை

கண்டுபிடித்து என்ன புண்ணியம்? கன்னியப்பன் இன்ஜினை நிறுத்தமாட்டேன் என்றுவிட்டார். "உப்பு விளையுற நேரத்துல பம்பைப் பிரிக்கறதா? ஐப்பசி மழையில தானா நிக்கும், அப்ப வந்து கழட்டிக்கோ" என்றார். ஐப்பசியில் காசு கிடைத்து நான் என்ன செய்வது, மாட்டுக் கொட்டகையிலா பரப்புவது? புது பித்தளை வாஷர் வாங்கித் தருகிறேன் என்று கெஞ்சினேன். அவர் அசையவில்லை. தினமும் போய்க் காசு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். சித்திரைக்கு ஒரு வாரம்தான் இருந்தது.

அப்போது யாரும் எதிர்பார்க்காமல் ஒரு கோடை மழை. கொட்டவில்லை, ஒரு பொழுது நின்று பெய்தது. பாத்தியில் இருந்தது கரைந்துபோக, குவித்து வைத்த உப்பை எல்லாரும் ஓலைக் கீற்று போட்டு மூடினார்கள். அடுத்தவர் நஷ்டத்தில் நமக்குச் சந்தோஷமா என்று வெட்கப்பட்டு, நானும் ஓடிப்போய்க் கீற்று தூக்கினேன். பம்பு நின்றிருந்தது. கன்னியப்பன், ஸ்பானரோடு வந்து நின்ற முனியப்பனுக்குத் தலையை ஆட்டினார். நட்டு கழன்று, காசு என் உள்ளங்கையில் விழுந்தது. நான் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டுதான் நின்றேன். இருந்தாலும் கன்னியப்பன் கேட்டுவிட்டார்: "ஊரே வயித்துல அடிச்சுக்குது, உன் மூஞ்சி மட்டும் என்னம்மா கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்குது?"

மட்டம்

அல்போன்ஸ் சாருக்கு டெலிபோன் பூத்திலிருந்து போன் போட்டேன். சித்திரை ஒன்றாம் தேதி காலையில் வந்துவிடுகிறேன் என்றார். அதுவரை அந்தக் காசைப் புளி இருக்கிற வீட்டில் வைக்க எனக்குத் தைரியம் இல்லை. மெல்லிய துணியில் சுற்றி, தாளில் மடித்து, மேஜை விரிப்புக்கு அடியில் வைத்தேன். வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஆசையாக எடுத்து விளக்கிக் கொடுத்துவிடுவார் என்று பயம். வருஷப் பிறப்பன்று விடிந்ததும் வீட்டுக்குள் போய் வடைக்கு ஆட்டினேன், பாயசம் வைத்தேன். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அல்போன்ஸ் சார்தான் என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தேன்.

வந்தது ஐஸ் பெட்டி. என் மேஜை வெயிலில், ரோட்டோரம், விரிப்புகூட இல்லாமல் நாலு காலோடு நின்றது. காசுகளைத் தட்டோடு பெஞ்சுமேல் வைத்திருந்தார்கள். மேஜை இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று பெட்டி, உள்ளே அதற்குள் ஐஸ்கிரீம் அடுக்கியாகிவிட்டது. நான் விரிப்பை எடுத்து உதறினேன், ஒன்றும் விழவில்லை. "இதுக்கு அடியில ஒரு பொட்டலம் இருந்துச்சே, எங்க?" என்றேன். வீட்டுக்காரர் பெட்டிமேல் ஒரு தண்ணீர் டம்ளரை வைத்துப் பெருமையாகக் காட்டினார்: "பார்த்தியா, சொட்டு சிந்தல. ஒரு கால் மட்டும் குட்டையா இருந்துச்சு, அந்தப் பொட்டலத்தை அண்டக் குடுத்தேன். அளவெடுத்த மாதிரி உக்காந்துடுச்சு!"

மூச்சு

நான் போட்ட கூச்சலில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். பாம்பு என்று நினைத்து ஒருவர் கம்போடு வந்தார். அந்த நேரத்தில்தான் அல்போன்ஸ் சாரின் மொபெட்டும் வந்து நின்றது. விஷயத்தைச் சொன்னதும் அந்த வயசான மனுஷர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டிக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்தார். வீட்டுக்காரர் மறுபக்கம், கம்போடு வந்தவர் ஒரு பக்கம். "ஏலேலோ" என்று தூக்கினார்கள். நான் தரையில் படுத்துக் கையை விட்டுப் பொட்டலத்தை இழுத்தேன். வீட்டுக்காரர் முகம் வெளுத்திருந்தது. "சொல்லியிருந்தா வேற எதையாச்சும் வச்சிருப்பேனே, அஞ்சலை" என்று இரண்டு தடவை சொன்னார்.

அல்போன்ஸ் சார் பொட்டலத்தைப் பிரித்தார். விளிம்பைப் பிடித்தார். கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். எனக்கு ஐஸ் பெட்டி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. "கெட்டுத்தாம்மா போயிருக்குது. பச்சை பூத்துடுச்சு, நட்டு தேய்ச்சிருக்குது. நான் சொன்ன விலை தர முடியாது" என்றார். எனக்கு உயிர் போய்விட்டது. "ஆனா கெட்டதோ நல்லதோ, இந்த வருஷம் என்கிட்ட இல்லையே! பாதி விலை தரேன், வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்தார். அப்படியே அசையாமல் நின்றார். நெஞ்சுகூட ஏறி இறங்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. "சார், முதல்ல மூச்சு விடுங்க, காசு ஒண்ணும் பறந்துடாது" என்றேன். அவர் கண்ணை எடுக்காமலே சொன்னார்: "நீங்க சும்மா இருங்கம்மா. பம்புக்குள்ள பூந்த காசு, பெட்டிக்குக் கீழ பூந்த காசு, இது பறந்தாலும் பறக்கும்."

ராஜா தலை

வீட்டுக்காரர் மோசமான ஆள் இல்லை, சொன்ன சொல்லை மாற்றமாட்டார். ஒருவர் வண்டி ஏறி வந்து, பணம் கொடுத்து, ஒரு காசை வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆகவே மேஜை இருக்க வேண்டும். ஆனால் பெட்டியும் வந்துவிட்டது. இரண்டையும் வைத்தால் கடைக்குள் ஆள் நுழைய முடியாது. அவர் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார். முதலில் குட்டைக் காலுக்கு ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. நான் டம்ளரிலிருந்து இரண்டு தாடிக்காரர்களை எடுத்துக் கொடுத்தேன், கச்சிதமாக உட்கார்ந்தார்கள். அவர்களால் எனக்கு ஆன முதல் உபகாரம் அது. பிறகு வீட்டுக்காரர் என் விரிப்பை எடுத்து, இரண்டாக மடித்து, பெட்டியின் கண்ணாடி மூடிமேல் ஒரு பக்கமாக விரித்தார். "இதுதான் உன் மேஜை. ஜில்லுனு இருக்கும்" என்றார்.

அன்றிலிருந்து அங்கேதான் என் காசுகள். ஐஸ் வாங்க வருகிறவர்கள் மூடியைத் திறப்பதற்கு முன் காசைப் பார்த்தே ஆக வேண்டும், வேறு வழி இல்லை. முன்னைவிட இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். சிலோனில் மரம், சைகோனில் ஓட்டை, மலேயாவில் மூலை என்று நானும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நேற்றுகூட ஒரு அம்மா நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். இவர் வாங்கிவிடுவார் என்று எனக்குப் படபடப்பு வந்துவிட்டது. முழுசும் கேட்டு முடித்துவிட்டு, மரியாதையாகச் சொன்னார்: "ரொம்ப நல்லா சொன்னீங்க. அந்த ராஜா தலையைக் கொஞ்சம் அந்தாண்ட நகத்துங்க, கப் ஐஸ் எடுக்கணும்."

ஆக, புளிக்கும் உப்புக்கும் நட்டுக்கும் தப்ப வைத்த என் காசுகளை, இப்போது வெனிலா ஒட்டிய கைகளிடமிருந்து காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.